அரசு அலுவலகங்களில் மக்களின் ஆவணங்களைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மஞ்சள் விவசாயி,
காலிங்கராயன் பாசனப் பகுதி,
ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
ஈரோடு.

பொருள்: அரசு அலுவலகங்கள் வெளிநாட்டு மின்னஞ்சலையும் மென்பொருளையும் நம்பியிருப்பதை மாற்றி, மக்களின் ஆவணங்களுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் தந்தை காலமான பின், அவர் பெயரில் இருந்த இரண்டரை ஏக்கர் தோட்டத்தின் பட்டாவை மாற்றுவதற்காக எங்கள் பகுதி அரசு அலுவலகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். வாரிசுச் சான்று, மூலப் பத்திரம், வீட்டில் ஐந்து பேரின் ஆதார் அட்டை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொன்னார்கள். அது அரசு முகவரி அன்று. வெளிநாட்டு நிறுவனம் இலவசமாகத் தரும் தனிக் கணக்கு. வந்து சேர்ந்ததா என்று பார்க்க மேசையருகே போய் நின்றேன். திரையில் என் ஆவணங்களுக்கு மேலும் கீழும் ஊர்க்காரர்களின் ஆதார் அட்டைகள், வங்கிப் புத்தகங்களின் முதல் பக்கங்கள், விதவை உதவித்தொகைக்கான ஒரு விண்ணப்பம். எல்லாமே எனக்குத் தெரிந்த முகங்கள். திரையின் ஓரத்தில், இந்தக் கணினிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு இனி வராது என்ற அறிவிப்பு எழுந்தது. ஊழியர் அதை மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அவர் மீது புகார் சொல்ல நான் வரவில்லை. அவருக்குக் கொடுத்திருக்கும் கருவி அது. வெளியே வரிசை வாசல் வரை நின்றது.

கணினியை இயக்கும் விண்டோஸ் 10 மென்பொருளுக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அந்த நாளைக் குறித்தது அதை உருவாக்கிய அமெரிக்க நிறுவனமான மைக்ரோசாஃப்ட். நம் அலுவலகங்களை யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் நடந்தது இன்னும் கவலை தருகிறது. குஜராத்தின் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததும், மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்துக்கான சேவையை நிறுத்தியது. பணம் கட்டி வாங்கிய சேவை, தன்னுடைய சொந்தத் தரவு. அதற்கே அந்த நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. சில நாட்களில் சேவை திரும்பியது. ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இப்படி நேர்ந்தால் பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் வந்து நிற்பவர்கள் எங்கே போவார்கள்? மேலும், 2018-இல் அமெரிக்கா இயற்றிய கிளவுட் சட்டத்தின்படி, அந்நாட்டு நிறுவனங்கள் வைத்திருக்கும் தரவு உலகில் எங்கே இருந்தாலும் அங்குள்ள அதிகாரிகள் சட்டப்படி ஆணை பெற்றுக் கேட்க முடியும். சர்வர் மும்பையில் இருக்கிறது என்பது மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது.

வெளிநாட்டுப் பொருளே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் மஞ்சள் காட்டில் ஓடும் சொட்டுநீர் முறையை வளர்த்தெடுத்தவர்கள் இஸ்ரேல்காரர்கள். ஆனால் அதன் கேட் வால்வு என் தோட்டத்தில், கிணற்று மேட்டில் இருக்கிறது. திறப்பதும் அடைப்பதும் என் கை.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. விண்டோஸுக்கு மாற்றாக, மத்திய அரசின் சி-டாக் என்ற கணினி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் நம்மிடம் உள்ளது. கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான், அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருளில்தான், பாடம் நடத்துகின்றன. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம், சுமார் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆஃபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளுக்கும் லினக்ஸுக்கும் மாற்றப்போவதாக 2024-இல் அறிவித்தது.

ஆகவே, மக்களின் ஆவணங்களை அரசு மின்னஞ்சலிலும் இ-சேவை வழியாகவும் மட்டுமே பெற வேண்டும், தனிக் கணக்கிலோ வாட்ஸ்அப்பிலோ பெறக் கூடாது என்று தாங்கள் சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறேன். இது உடனே செய்யக்கூடியது. புதுப்பிப்பு நின்றுபோன கணினிகள் எந்தெந்த அலுவலகத்தில் உள்ளன என்று கணக்கெடுத்து, முதலில் ஏதேனும் ஒரு வட்டத்திலாவது கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றி, ஊழியர்களுக்கு முறையான பயிற்சியும் தர வேண்டும். பயிற்சி இல்லாமல் மாற்றினால் ஒரே வாரத்தில் பழையதற்கே திரும்பிவிடுவார்கள். தங்கள் அதிகாரத்துக்கு மேற்பட்டவற்றை மாநில அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

என் குடும்பத்தின் ஆவணங்கள் இன்னும் அந்தத் தனிக் கணக்கில்தான் கிடக்கின்றன. அவற்றை அரசுக் கணக்குக்கு மாற்றி, அங்கிருந்து அழித்துவிட்டதாக எழுத்துப்பூர்வமான பதில் ஒன்றும் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்