ஒதுங்கியவருக்கு 1, அப்புறம் யாருக்கு 2?

ஆசிரியருக்கு,

நாம் மனதில் வைத்திருந்த வேட்பாளர் வாக்களிப்புக்குச் சில நாட்கள் இருக்கும்போது மேடையேறி, "நான் ஒதுங்கிக்கொள்கிறேன், என் ஆதரவு இன்னாருக்கு" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? இலங்கை ஜனாதிபதித் தேர்தல் காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கம் இந்தப் பேச்சு அடிபடும். "அவர்தான் இல்லையே, பிறகு எதற்கு இரண்டு கட்டை நடந்து போவது?" என்று லயத்து வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு. 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்து, அதோடு வாக்கையும் இழந்த சனத்தின் பேரப்பிள்ளைகள் இப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

வேட்புமனு ஏற்கப்பட்ட பிறகு ஒருவர் மேடையில் என்ன சொன்னாலும் அவருடைய பெயரும் சின்னமும் வாக்குச்சீட்டில் அப்படியே இருக்கும். அவருக்குப் போடும் வாக்கு செல்லுபடியானதுதான், எண்ணவும் படும். சீட்டில் 1, 2, 3 என்று மூன்று பேர் வரை விருப்ப வரிசையில் எண் போடலாம்; 2, 3 தான் விருப்பு வாக்கு. அவர் மீது அபிமானம் உள்ளவர்கள் தாராளமாக அவருக்கே 1 போடலாம். ஆனால் அதோடு பேனாவைக் கீழே வைத்துவிடுவதுதான் சிக்கல்.

எவரும் பாதிக்கு மேல் எடுக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் கழிந்துவிடுவார்கள். கழிந்தவர்களுக்கு விழுந்த சீட்டுகளை மறுபடி எடுத்து, 2 அந்த இருவரில் ஒருவருக்கு இருக்கிறதா, இல்லையென்றால் 3 இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2024இல்தான் முதன்முதலாக இது நடந்தது. முதல் இரண்டு இடம் பிடித்த அநுரகுமார திசாநாயக்க, சஜித் பிரேமதாச இருவரையும் தவிர்த்து மற்றவர்களுக்கு விழுந்தவை 33 இலட்சத்துக்கும் அதிகம். அவற்றிலிருந்து விருப்பு வாக்காக அநுரவுக்குச் சேர்ந்தவை 105,264, சஜித்துக்கு 167,867. நூற்றுக்கு எட்டுச் சீட்டளவுதான் தேறியது! மிச்சமெல்லாம் அந்தச் சுற்றில் யாருக்குமே உதவவில்லை.

கடைசிவரை களத்தில் நின்றவருக்குப் போட்டவர்களுக்கும் இதே கதிதான். அந்தத் தேர்தலில் இ.தொ.கா. (இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்) ரணில் விக்கிரமசிங்கவையும் தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தையும் ஆதரித்தன. ரணில் மூன்றாமிடம். அவருக்குப் புள்ளடி (X) மட்டும் போட்டுவிட்டு வந்த நம்மவர்களுக்கு இரண்டாவது எண்ணிக்கையில் வேலையே இருக்கவில்லை. அவரை ஆதரிக்கச் சொன்ன தலைவர்கள் 2 பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் பக்கம் யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

ஒதுங்கியவர் கைகாட்டும் ஆளுக்கே போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நம் வாக்கை அவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. சம்பளம், காணி, வீடு பற்றி நமக்குப் பிடித்ததை அவர் பேசினார் என்றால், மிச்சமிருப்பவர்களில் அதற்குக் கிட்ட வருகிறவர் யார் என்று விஞ்ஞாபனங்களைப் புரட்டிப் பார்த்து நாமே முடிவெடுக்கலாம். 2, 3 இரண்டில் ஒன்றாவது வெல்லக்கூடிய ஒருவருக்குப் போய்ச் சேரட்டும். இன்னொன்று, விருப்பு வாக்குப் போடுவதானால் 1, 2, 3 என்று எண்ணாகவே போடுங்கள், புள்ளடியையும் எண்ணையும் கலக்க வேண்டாம். ஒன்றரை முழச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறும் வயதானவர்களுக்கு இதை முதலிலேயே வீட்டில் சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டும்.

அடுத்த ஜனாதிபதித் தேர்தலின்போது எண்கள் போட்டுக் காட்டிய மாதிரிச் சீட்டொன்றைத் தங்கள் பத்திரிகையில் அரைப் பக்கமாவது வெளியிடுங்கள். வெட்டியெடுத்துக் கொழுந்து மடுவத்தில் ஒட்டிவைக்க நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பொகவந்தலாவை.