மேகிக்கு நிறம் பூச வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசனின் 'ரெசிடாடிஃப்' சிறுகதையைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு உங்கள் இதழ் தபாலில் வந்த காலம் போய்விட்டது. இப்போது மகன் கணினியில் இறக்கிப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தருகிறான், கண்ணுக்கும் அதுதான் நல்லது. கட்டுரையாளர் உழைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் ஓரிடத்தில் 'கறுப்பின வேலைக்காரி மேகி' என்று போட்டுவிட்டார். கதையில் அப்படி இல்லை. மேகியின் தோல் மணல் நிறம் என்பதோடு கதை நிறுத்திக்கொள்கிறது. அவள் கறுப்பினத்தவளா இல்லையா என்பதில்தான் கதையின் இரண்டு பெண்களும் பிற்காலத்தில் சண்டையே போடுகிறார்கள். ஒரு சொல்லுக்காக இவ்வளவு நீளக் கடிதமா என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். என் பேத்திக்கு இந்தக் கதை இந்த ஆண்டு பல்கலைக்கழகப் பாடம். அதனால் இரண்டு மாதமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மேகியும் உட்கார்ந்திருக்கிறாள்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1983-இல் வெளிவந்த கதை. ட்வைலா, ரொபர்ட்டா என்று இரண்டு எட்டு வயதுச் சிறுமிகள். தாய் உயிரோடிருந்தும் அனாதை விடுதிக்கு வந்தவர்கள். ஒருத்தியின் அம்மா இரவெல்லாம் ஆடப் போகிறவள், மற்றவளின் அம்மா நோயாளி. நான்கு மாதம் ஒரே அறை. ஒருத்தி வெள்ளை, ஒருத்தி கறுப்பு. மற்றப் பிள்ளைகள் உப்பும் மிளகும் என்று கூப்பிடுகிறார்கள். எது உப்பு, எது மிளகு என்று மாரிசன் கடைசி வரை சொல்வதில்லை. இனத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களையெல்லாம் வேண்டுமென்றே எடுத்துவிட்டு எழுதிப் பார்த்ததாக அவரே பின்னால் 1992-இல் எழுதினார்.

கட்டுரையாளர் மூன்று பக்கம் துப்பறிந்து, ட்வைலாதான் கறுப்பு என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். பேத்தியின் வகுப்பிலும் முதல் நாள் இதேதான் நடந்ததாம். அங்கே ஜூலு இனத்து ஆப்பிரிக்கப் பிள்ளைகள், நம் பிள்ளைகள், வெள்ளைப் பிள்ளைகள் எல்லாரும் உண்டு. ரொபர்ட்டாவின் அம்மா மார்பில் பெரிய சிலுவை, கையில் பெரிய பைபிள், கூடையில் கோழிக்கால் என்று வருகிறாள் அல்லவா? "எங்கள் பெரியம்மாவேதான்" என்றானாம் ஒரு ஜூலுப் பையன். அதே தாய், ட்வைலாவின் அம்மா கை கொடுக்க முயன்றும் கொடுக்காமல் மகளை இழுத்துக்கொண்டு போகிறாள். கை கொடுக்காதவள் வெள்ளைக்காரியாகத்தான் இருக்க வேண்டும் என்றாளாம், இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த நம் பெண் ஒருத்தி. பேத்தி இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் ஆயாவும், அதாவது பாட்டியும், கை கொடுத்திருக்க மாட்டாள்.

கதையின் தொடக்கத்திலேயே இன்னொன்று வருகிறது. "அந்த ஆட்கள் தலை அலச மாட்டார்கள், அவர்கள் மேல் ஒரு மாதிரி நாற்றம்" என்று ட்வைலாவின் அம்மா மகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். 'அந்த ஆட்கள்' யார்? டர்பனில் வெள்ளைக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சொன்னது இதுதான்: தேங்காயெண்ணெய் நாற்றம், கறி நாற்றம். எங்கள் வீடுகளில் ஆப்பிரிக்கர்களைப் பற்றிச் சொன்னதும் இதுதான். அதற்கு நாங்கள் பயன்படுத்திய சொல்லை அச்சில் வைக்க மாட்டேன். நாற்றம் என்ற அந்தச் சொல்லை எடுத்து யார் மேலும் ஒட்டலாம், யாருக்கும் பொருந்தும். மாரிசனுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இனத்தை ஊகிக்கும் வேலை எங்களுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1950-இல் வந்த மக்கள் பதிவுச் சட்டம் இந்த நாட்டில் ஆள் ஒவ்வொருவருக்கும் ஓர் இனத்தை எழுதிவைத்தது. ஒழிந்தது 1991-இல்தான். சந்தேகம் வந்தால் தலைமயிரில் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். பென்சில் நின்றதா விழுந்ததா என்பதை வைத்து ஒரு குடும்பத்தில் அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம் போனதும் உண்டு. கட்டுரையாளர் கோழிக்காலையும் பைபிளையும் எடைபோட்டதைப் படித்தபோது எனக்கு அந்தப் பென்சில் ஞாபகம் வந்தது. அவர் மனம் புண்பட்டால் மன்னிக்கட்டும்.

நான் பிறந்தது 1951-இல், டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில். என் ஆயா கூடையில் கீரையும் மிளகாயும் சுமந்து வெள்ளைக்காரர்கள் தெருவில் விற்றவள். அவளை அவர்கள் 'மேரி' என்பார்கள். நம் பெண்கள் எல்லாருமே அவர்களுக்கு மேரி, ஆண்கள் எல்லாருமே 'சாமி'. சாமி என்றால் எசமான் என்று அர்த்தம், அதை மறந்துவிட்டீர்களே என்று நம்மவர்கள் சிலர் திருப்பிச் சொன்னதாகக் காந்தி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நல்ல பதில்தான். ஆனால் மேரிக்கு அப்படியொரு பதில் இல்லை. சரி, அதே ஆயா வீட்டுக்கு வந்து, துணி துவைக்கும் ஜூலு அம்மாவை என்ன பெயரிட்டு அழைத்தாள் தெரியுமா? மேரி. அவருடைய சொந்தப் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ட்வைலாவின் அம்மா பெயரும் மேரி என்று கதையில் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அந்த அம்மாவின் மகள் என் வயதுக்காரி. அவள் பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. ஆற்றங்கரையில் நாள் முழுக்க விளையாடுவோம். அவள் என்னிடம் கற்ற தமிழ் நான் அவளிடம் கற்ற ஜூலுவைவிட அதிகம். 'போடி' என்று என்னைவிட நன்றாகச் சொல்வாள். தண்ணீர் கேட்டால் மட்டும் அவளுக்குத் தனிக் குவளை. பின்வாசல் ஆணியில் தொங்கும் எனாமல் குவளை. அவளே எடுத்துக் குடித்து, அவளே கழுவி, அவளே மாட்டுவாள். 1860-இல் 'ட்ரூரோ' கப்பல் மெட்ராஸிலிருந்து எங்கள் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிவந்ததிலிருந்து சாதி கடலில் கரைந்துபோயிற்று என்று இங்கே மேடைக்கு மேடை பேசுவார்கள். கரைந்திருக்கலாம். ஆனால் உங்கள் ஊர்த் தேநீர்க் கடையின் இரண்டாவது குவளை கரை சேர்ந்துவிட்டது.

அரசு ஊரை இனவாரியாகப் பிரித்தபோது, 1960 வாக்கில் அவள் குடும்பத்தைச் சட்டிபானைகளோடு லாரியில் ஏற்றி, ஆப்பிரிக்கர்களுக்கென்று வடக்கே கட்டிய க்வாமாஷுவுக்குக் கொண்டுபோனார்கள். 1964-இல் எங்களைத் தெற்கே சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். அப்புறம் ஒரே ஒரு முறைதான் அவளைப் பார்த்தேன், எண்பதுகளில், வார்விக் பேருந்து நிலையத்தில். கூட்டத்தில் எதிரே வந்து, "ஏய், நல்லா இருக்கியாடி?" என்று தமிழில் கேட்டாள். சுற்றிலும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். பேருந்து வந்துவிட்டது என்றும் சொன்னேன். வரவில்லை.

கட்டுரையாளர் ஒரு பத்தியில் கடந்துபோன இடத்துக்கு இப்போது வருகிறேன். விடுதிச் சமையலறையில் வேலை செய்யும் மேகிக்குப் பேச்சு வராது. வளைந்த கால். காது கேட்குமோ என்னமோ. சிறுமிகள் இருவரும் அவளைப் பின்னாலிருந்து 'ஊமை' என்று கத்திப் பார்த்தவர்கள். ஒருநாள் பழத்தோட்டத்தில் அவள் விழுகிறாள், பெரிய பெண்கள் சிரிக்கிறார்கள். ட்வைலா நினைவில் வைத்திருப்பது இவ்வளவுதான். வளர்ந்த பின் ரொபர்ட்டா, "அவள் விழவில்லை, தள்ளிவிட்டார்கள்" என்கிறாள். பள்ளிப் பிள்ளைகளை இனம் கலந்து பேருந்தில் அனுப்புவதை எதிர்த்து நடக்கும் போராட்டத்தில் இருவரும் எதிரெதிரே நிற்கும்போது, "நீயும் ஒரு கறுப்பினப் பெண்ணை உதைத்தவள்தான்" என்கிறாள். கடைசியில், "நாம் உதைக்கவில்லை, ஆனால் உதைக்க ஆசைப்பட்டேன். அவள் கறுப்பினம்தானா என்றுகூட இப்போது நிச்சயமில்லை" என்று அழுகிறாள். நட்பு எங்கே முறிகிறது, எங்கே ஒட்டுகிறது என்று மாணவர்கள் தேட வேண்டிய இடம் இந்தத் தோட்டம்தான். தங்களுக்கும் கீழே கிடந்த ஒருத்தியை என்ன செய்தோம் என்பதில்தான் இருவருக்கும் கணக்கு தீரவில்லை.

இப்படி மாறி மாறி நினைவிருப்பதும் எங்கள் ஊரில் பழக்கம்தான். டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடந்த 1949 ஜனவரிக் கலவரம் என்றால் எங்கள் வீட்டில் எரிந்த கடைகளையும் செத்துப்போன நம்மவர்களையும் மட்டும்தான் சொல்வார்கள். இறந்த 142 பேரில் ஆப்பிரிக்கர்கள் 87 பேர் என்பதை நான் நாற்பது வயதில் ஒரு புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். 2021 ஜூலைக் கலவரத்தில், இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸ் பகுதியில் ஆப்பிரிக்கர்கள் கொல்லப்பட்டதையும் இன்றைக்கு ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறோம்.

பேத்திக்காகக் கதையைப் பேசிக்கொண்டிருந்தபோது அக்காவும் இருந்தாள். எண்பதைத் தாண்டியவள், ஞாபகம் மட்டும் கத்தி. ஆயா அந்தப் பெண்ணுக்குத் தனிக் குவளை மாட்டியதைப் பேத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஆயா செய்த பாவமாகத்தான் சொல்லியிருக்கிறேன். அக்கா குறுக்கிட்டாள். "ஆயா ஒண்ணும் தானா செய்யல. அவ நம்ம செம்புல தண்ணி குடிச்சிட்டாள்னு நீதான் ஓடியாந்து சொன்ன. அதுக்கப்புறந்தான் ஆணியே அடிச்சது."

நான் அப்படிச் சொல்லவேயில்லை என்றேன். சொன்னாய் என்றாள். குவளை வெள்ளை, நீல விளிம்பு என்றேன். பச்சை என்றாள். பேத்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆயா, அன்றைக்கு அவளோடு ஏதாவது சண்டையா?" என்று கேட்டாள். சண்டை இருந்திருக்கலாம். எட்டு வயதில் தினமும் சண்டைதானே. அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

ட்வைலா கறுப்பு என்று உங்கள் கட்டுரையாளர் சொன்னது அவர் ஊகம், இருந்துவிட்டுப் போகட்டும். மேகியின் பெயருக்கு முன்னால் இருக்கும் அந்தச் சொல்லை மட்டும் அடுத்த இதழில் திருத்திவிடுங்கள். உங்கள் இதழைப் பாடத்துக்காகப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன்