கடல் மட்டத்தில் ஆடப்போகும் மகளுக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. ஆகஸ்டு விடுமுறையில் அலுவலகத் தோழிகளுடன் மொரிசியஸ் தீவுக்குப் போய்க் கடலோர விடுதியில் தங்கிக் கோல்ஃப் ஆடப்போவதாக நீ தொலைபேசியில் சொன்னாய் அல்லவா? தீவு என்றதும் அன்றிலிருந்து அம்மாவுக்குப் படகைப் பற்றிய பயம். எனக்கோ உன் ஏழாம் நம்பர் ஐயன் மட்டையைப் பற்றிய கவலை. அந்தத் தீவில் நூற்பாலை இயந்திரங்களைப் பொருத்தப் போயிருந்த காலத்தில், ஆலைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் மைதானத்துக்கு அழைத்துச் செல்வார்கள். ஜொகனஸ்பர்க்கிலிருந்து நான்கு மணி நேர விமானப் பயணத்தில் வந்து இறங்கும் நல்ல ஆட்டக்காரர்கள், அடித்த பந்தெல்லாம் குறி எட்டாமல் விழுவதைக் கண்டு முதல் நாளிலேயே முகம் வாடிப்போவதை அங்கே நான் பார்த்திருக்கிறேன்.

காரணம் உனக்குத் தெரியாதது அல்ல. நீ ஆட்டம் பழகிய ஜொகனஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பந்துக்குத் தடையும் குறைவு. உதகை ஜிம்கானா மைதானத்தில் நான் அடிக்கும் பந்து கோயம்புத்தூரில் அடிப்பதைவிட ஒரு நம்பர் பெரிய மட்டையால் அடித்த அளவுக்குக் கூடுதலாகப் போவதைச் சிறுவயதில் நீயே அளந்து பார்த்திருக்கிறாய். இப்போது உனக்கு நேர்வது அதற்கு மறுதலையான கணக்கு. ஜொகனஸ்பர்க்கில் 120 மீட்டர் செல்லும் உன் ஏழாம் நம்பர் ஐயன், கடற்கரையில் காற்றே இல்லாவிட்டாலும் 110 மீட்டரைத் தாண்டுவது அரிது. ஆகவே முதல் நாள் காலையில் பயிற்சித் திடலில் ஒவ்வொரு மட்டைக்கும் புதிய தூரத்தைக் குறித்துக்கொண்டு, பழைய தூரங்களை ஊர் திரும்பும்வரை மறந்துவிடு. கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் பந்து கனத்துப் பறக்கிறது என்று அங்கே யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டுப் போ. ஈரக்காற்று வறண்ட காற்றைவிடச் சற்றே இலேசானது என்பதுதான் இயற்பியல். தூரம் குறைவதற்குக் காரணம் உயரமே தவிர ஈரம் அல்ல.

அடுத்தது காற்று. தீவுக்கு ஆகஸ்டு குளிர்காலம். தென்கிழக்கு வியாபாரக் காற்று வலுவாக வீசும் பருவமும் அதுவே. நீங்கள் தங்கப்போகும் கிழக்குக் கரை அந்தக் காற்றுக்கு நேர் எதிரே இருக்கிறது. இங்கே கண் ஏமாறுவது எளிது. கரையிலிருந்து வெகு தொலைவில் பவளப்பாறைத் தொடர் அலைகளையெல்லாம் தடுத்து வெள்ளைக் கோடாக உடைத்துவிடுவதால், உள்ளே இருக்கும் காயல் பச்சைக் கண்ணாடியாகக் கிடக்கும். அதைப் பார்ப்பவர்கள் காற்றே இல்லை என்று நம்பிப் பந்தை உயரே தூக்கி அடித்துவிடுவார்கள். நீ தண்ணீரைப் பார்க்காதே, சவுக்கு மரங்களின் உச்சியைப் பார். அடிமரம் அசையாமல் நிற்கும்போதே உச்சி ஒரு பக்கமாகச் சாய்ந்து இரைச்சலிட்டுக்கொண்டிருந்தால், மேலே போகும் உன் பந்துக்கும் அந்தக் கதிதான். எதிர்க்காற்றில் ஓங்கி அடிக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டு மட்டை பெரிதாக எடுத்து, பந்து உன் பின்காலுக்குச் சற்று அருகே வருமாறு நின்று, முக்கால் வீச்சில் நிதானமாக அடி. வேகமாக அடித்தால் பந்து கூடுதலாகச் சுழன்று மேலே ஏறி நின்றுவிடும். விடியற்காலையில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும் என்பதால், தோழிகள் சோம்பல்பட்டாலும் முதல் ஆட்ட நேரத்தையே கேட்டு வாங்கு.

புல்லைப் பற்றி யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் அதையும் எழுதுகிறேன். நீ ஆடும் மேட்டு நிலத்தில் கிகூயூ புல்லும், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய தரையான கிரீனில் பென்ட் புல்லும் இருக்கின்றன. வெப்ப மண்டலக் கடலோர மைதானங்களில் இப்போது பாஸ்பாலம் என்னும் புல் பரவலாகிவிட்டது. இது இயல்பாகவே உப்பங்கழி ஓரங்களில் வளரும் புல். மற்ற புற்கள் கருகிவிடும் உவர்நீரையும் கடற்காற்றின் உப்பையும் தாங்கும். இதன் மேல் பந்து நிமிர்ந்து உட்காருவதால் நடுத்திடலிலிருந்து அடிப்பது சுகம். ஆனால் கிரீனுக்கு அருகில் வந்துவிட்டால் இதே புல் உன்னைச் சோதிக்கும். உருண்டு போகும் என்று எண்ணித் தாழ்வாகத் தட்டிய பந்தை இரண்டு குதிப்பிலேயே பிடித்து நிறுத்திவிடும். அங்கே பந்தைக் குழிக்கு அருகிலேயே இறக்கப் பழகு. உருட்டி அடிக்கும்போதும் ஜொகனஸ்பர்க்கைவிட ஒரு பங்கு கூடுதல் அழுத்தம் கொடு.

இலோசெர் தீவில் இருக்கும் மைதானத்தில் கட்டாயம் ஒரு நாள் ஆடு. ஜெர்மானிய வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் வடிவமைத்து 2003ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 18 குழி மைதானம் அது. படகில்தான் போக வேண்டும், அம்மாவிடம் இதைச் சொல்லாதே. கரும்பாறைத் திட்டுகளும் அலையாத்திப் புதர்களும் நீர்த்தேக்கங்களும் வழிமறிப்பதால் அங்கே தூரத்தைவிட இடம்தான் முக்கியம். டிரைவர் என்னும் நெடுந்தூர மட்டையைப் பையிலேயே விட்டுவிட்டு ஐந்தாம் நம்பர் மட்டையால் தொடங்குவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. பந்து காயலில் விழுந்தால் சிவப்புக் கம்பு நட்ட தண்டப் பகுதிக்கான விதிப்படி ஒரு தண்ட அடியை ஏற்றுக்கொண்டு, இரண்டு மட்டை நீளத்துக்குள் முழங்கால் உயரத்திலிருந்து புதிய பந்தை விட்டு ஆட்டத்தைத் தொடர். பந்துக்காகப் பவளத்தின் மேல் கால் வைக்காதே. தேடுவதற்கு மூன்று நிமிடம்தான் என்ற விதியை விடுமுறைக்கு வந்தவர்கள் மறந்துவிடுகிறார்கள். பின்னால் வருபவர்கள் வெயிலில் நிற்பதை நினைத்துக்கொள்.

தெற்கே பெல் ஓம்ப்ரில் இருக்கும் ஹெரிட்டேஜ் மைதானத்துக்கும் போக முடிந்தால் நல்லது. தென்னாப்பிரிக்கரான பீட்டர் மாட்கோவிச் வடிவமைத்தது. உன் தோழிகளுக்குப் பெயர் தெரிந்திருக்கும். 2017 டிசம்பரில் அங்கே முடிந்த மொரிசியஸ் ஓப்பனில் நம் அர்ஜுன் அத்வால் கூடுதல் ஆட்டம் வரை போய், தென்னாப்பிரிக்க வீரர் டிலன் ஃப்ரிட்டெல்லியிடம் தோற்றதை நான் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

அந்த மைதானத்தைச் சுற்றி நிற்கும் கரும்பைக் கவனி. பெல் ஓம்ப்ர் ஒரு சர்க்கரைத் தோட்டம். ஐரோப்பாவில் சர்க்கரைக்குக் கிடைத்துவந்த நிலையான நல்ல விலை 2006ஆம் ஆண்டு முதல் படிப்படியாக 36 விழுக்காடு குறைக்கப்பட்டது. கரும்பை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்று அதற்கு முன்பே உணர்ந்திருந்த தோட்ட நிறுவனங்கள் விடுதிகள், மாளிகை வீடுகள், கோல்ஃப் மைதானங்கள் என்று திரும்பின. 2002இல் வெளிநாட்டவர் அங்கே வீடு வாங்க அரசு ஒரு திட்டம் கொண்டுவந்ததும் அதற்குத் துணையாயிற்று. இதில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. கரும்பு வெட்டுவதைவிடப் புல் வெட்டுவது எளிய வேலை என்று ஒரு தோட்டக்காரரே என்னிடம் சொன்னார். அவர் தமிழர் வழி வந்தவர், பிள்ளை என்பது குடும்பப் பெயர், பேசுவது அந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல். பிரெஞ்சு ஆட்சியில் 1730களிலேயே ஆளுநர் லபூர்தொன்னே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை அங்கே வரவழைத்தார். பிறகு 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் போனார்கள். கரும்புக் காட்டின் நடுவே கூம்பாகக் குவிந்திருக்கும் கருங்கற்கள் அவர்கள் கையால் பொறுக்கி எடுத்துப் போட்டவை. தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை. உன் பெயரைக் கேட்டதும் யாராவது கூடுதலாக இரண்டு வார்த்தை பேச விரும்பினால், ஆட்ட நேரம் போகிறதென்று பரபரக்காமல் நின்று பேசு.

விடுதிக்கு முன்னால் இருக்கும் மணற்பரப்பு விடுதிக்காரர்களுடையது என்று உங்கள் கூட்டத்தில் யாராவது நினைத்தால் திருத்து. உயர் அலைக் கோட்டிலிருந்து குறைந்தது 81.21 மீட்டர் அகலத்துக்குக் கரை நிலம் பிரெஞ்சுக் காலத்திலிருந்தே ஒதுக்கு நிலம். அதன் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தமாக இருக்க, விடுதிகள் குத்தகைக்கு எடுத்திருக்கின்றன. அலை வந்து போகும் மணலில் நடக்க எவருக்கும் உரிமை உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்க் குடும்பங்கள் பிரியாணிப் பாத்திரத்தோடு வந்து சவுக்கு நிழலில் பாய் விரிப்பார்கள். உனக்கும் ஒரு தட்டு வந்தால் மறுக்காதே. விடுதிச் சாப்பாட்டைவிட அது நன்றாக இருக்கும்.

கையுறை குறைந்தது இரண்டு வைத்துக்கொள். வியர்வையில் ஊறிய கையுறையோடு மட்டையைப் பிடித்தால் நழுவும். ஒவ்வொரு மாலையும் மட்டைகளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகே பையில் போடு. உப்புக் காற்றில் எஃகு வெகு விரைவில் துருப்பிடிக்கும். பேட்டரி வண்டி கொடுத்தாலும் முடிந்த இடங்களில் நட. குளிர்காலம்தானே என்று தொப்பியை விட்டுவிட வேண்டாம்.

முதல் நாள் ஆட்டத்தின் அடிக்கணக்கு அட்டையைப் படம் எடுத்து அனுப்பு. எந்தக் குழிக்கு எந்த மட்டை எடுத்தாய், காற்று எந்தப் பக்கம் வீசியது என்று ஓரத்தில் குறித்திருந்தால், மறுநாளுக்கு என்ன மாற்ற வேண்டும் என்று அன்றிரவே எழுதுவேன்.

அன்புடன்,
அப்பா