‘பெரியவள் வீட்டில்தானே இருக்கிறாள்?’ – யாங்கோன் கோயில் டிரஸ்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டிரஸ்டி ஐயாமார்களுக்கும், கோடைத் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

இதை ஒரு கோயிலுக்கு மட்டும் எழுதவில்லை. ரங்கூன் என்று நம்மவர்கள் சொல்லிப் பழகிய இந்த யாங்கோனில் மண்டபமும் மின்விசிறியும் சமையற்கட்டும் வைத்திருக்கிற நம் கோயில்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஆகவே ‘நம்மைத்தான் சொல்கிறாள்’ என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ‘நல்லவேளை, நம்மைச் சொல்லவில்லை’ என்று நிம்மதி அடையவும் வேண்டாம்.

எனக்கு மூன்று பிள்ளைகள். போன கோடையில் பெரியவளுக்கு 13 வயது, நடுவில் உள்ளவனுக்கு 8, கடைக்குட்டிக்கு மூன்றரை. மார்ச் பிறந்தால் பள்ளிக்கூடம் கிடையாது. ஜூனில்தான் மறுபடி பச்சைக் கைலியும் வெள்ளைச் சட்டையும் இஸ்திரிக்கு வரும். சின்னவள் போகிற மழலையர் பள்ளியும் அதே கணக்குத்தான். இந்த மூன்று மாதமும் மூவரும் வீட்டில். வீட்டுக்காரர் சரக்கு லாரி ஓட்டுகிறார். மொலமையின் பக்கம் கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது.

நான் ஒரு பருப்பு ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். உளுந்து அறுவடையாகிச் சந்தைக்கு வந்து குவிவது எப்போது என்று உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்: பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. இந்திய அரசு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வதாக 2021இல் ஐந்து வருட ஒப்பந்தம் போட்டதே, அந்த மூட்டைகளுக்கெல்லாம் யாரோ கணக்கெழுதித்தானே ஆகவேண்டும்? பிள்ளைகளுக்கு லீவு விடுகிற அதே மாதங்களில் எனக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லை. அந்த நேரத்தில் போய் விடுப்புக் கேட்டால் முதலாளி சிரிப்பார். திட்டினாலும் பரவாயில்லை, சிரிப்பதுதான் தாங்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மார்ச்சில் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு ஒரு கோயிலுக்குப் போனேன். கோடைத் தமிழ் வகுப்பு, காலை 8 முதல் 10 வரை, வயது 6 முதல் 12 என்று வாசலில் ஒட்டியிருந்தது. பையன் பெயரை எழுதிக்கொண்டார்கள். சின்னவளைக் காட்டியதும், “இவ்வளவு சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இங்கே ஆள் இல்லைம்மா” என்றார்கள். உண்மைதான். பெரியவளைப் பார்த்து, “வயது தாண்டிவிட்டதே” என்றார்கள். அதுவும் உண்மைதான். நான் முழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, பதிவேடு எழுதிக்கொண்டிருந்தவர் அன்பாகத்தான் சொன்னார்: “ஏன் கவலைப்படுகிறீர்கள்? பெரியவள் வீட்டில்தானே இருக்கிறாள்? அவள் பார்த்துக்கொள்ளட்டும்.”

அன்றிலிருந்து அந்த வாக்கியம் என் காதில் ரீங்கரித்துக்கொண்டே இருக்கிறது.

பார்த்துக்கொண்டாள். எப்படி என்று சொல்கிறேன். நாங்கள் இருப்பது நகரின் நடுவே நாலாம் மாடி. லிஃப்ட் கிடையாது. காலையில் வேலைக்குப் போகும்போது தம்பியை நான் வகுப்பில் விட்டுவிடுவேன். 10 மணிக்கு அவனைக் கூட்டி வர ஆள் வேண்டுமே? தங்கச்சியைத் தனியே விட்டுப் போக முடியாது. ஆகவே அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கி, அனோரட்டா சாலையைக் கடந்து, தம்பியைக் கூட்டிக்கொண்டு, மறுபடி சாலையைக் கடந்து, நாலு மாடி ஏற வேண்டும். சித்திரை வெயிலில். 2024 ஏப்ரல் கடைசியில் மத்திய மியான்மரின் சௌக் நகரில் 48.2 டிகிரி பதிவானதும், அதே சமயம் யாங்கோனே 40 டிகிரியில் வெந்ததும் யாருக்கும் மறந்திருக்காது. போன வருடமும் நமக்கு வெயிலில் சலுகை கிடைக்கவில்லை.

ஒரு நாள் கணக்கு சீக்கிரம் முடிந்து இரண்டு மணிக்கே வீடு திரும்பினேன். தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் எங்கள் வீட்டுக் கயிறு ஆடுகிறது. நம் ஊரில் எல்லா பால்கனியிலும் தொங்குமே, நுனியில் கிளிப்பும் மணியும் கட்டிய கயிறு, அதேதான். கீழே கீரைக்காரர் பையை மாட்டிவிட்டிருக்கிறார், மேலே இவள் இழுக்கிறாள். ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் தங்கச்சியின் கவுன் நுனி. சின்னவள் பால்கனிக் கம்பியில் வயிற்றை அழுத்திக்கொண்டு பை மேலே வருவதை எட்டிப் பார்க்கிறாள். அந்தக் கம்பி அவள் நெஞ்சு உயரம்தான் இருக்கும். கீழிருந்து கத்தினால் பயந்து கையை விட்டுவிடுவாளோ என்று வாயை மூடிக்கொண்டு படியேறினேன். அந்த நாலு மாடியில் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. கணக்கெழுதுகிறவள் சொல்கிறேன்.

அன்று ராத்திரி அவள் நோட்டைப் பார்த்தேன். படம் வரைகிற நோட்டு. ஒரு பக்கத்தில் பர்மிய எழுத்தில் நேரம் போட்டு எழுதியிருந்தாள். 10 – தம்பி. 11 – சோறு. கரண்டு வந்தால் உடனே தண்ணீர் மோட்டார். 12 – தங்கச்சி தூக்கம். கடைசியில், 3 மணி – நான். ‘நான்’ என்பதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை.

வேறு வழி தேடவில்லையா என்று கேட்பீர்கள். தேடினேன். எதிர்வீட்டு அக்கா சின்னவளை வைத்துக்கொள்கிறேன் என்றார், பையன் வேண்டாம் என்றார். தன்லினில் இருக்கும் என் சித்தி பையனை அனுப்பச் சொன்னார், பெண்பிள்ளைகளை வைத்துக்கொள்ள வீட்டில் இடமில்லை. பெரியவளை டியூஷனில் சேர்த்தால் மத்தவர்கள் என்ன ஆவார்கள்? ஒவ்வொரு இடமும் ஒரு பிள்ளைக்கு ஏற்ற இடம். மூன்று பிள்ளைக்கு மூன்று இடம், மூன்று கட்டணம், மூன்று நேரம். ஒருத்தியாக நான் எத்தனை திசைக்கு ஓடுவது?

அக்கம்பக்கத்துப் பர்மியர் வீடுகளைப் பார்க்கிறேன். கோடையானால் பையன்களுக்குத் தலை மழித்து மடத்தில் விடுகிறார்கள். நம் பிள்ளைகள் சிலரும் போய் வருகிறார்கள், என் மகனும் போன வருடம் ஏப்ரலில் வருகிற பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவை ஒட்டி ஒன்பது நாள் காவி கட்டினான். உச்சிக்குமேல் சாப்பாடு கிடையாது என்பதைத் தவிர அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நான் கவனித்தது, ஆறு வயதுப் பையனும் பதினைந்து வயதுப் பையனும் ஒரே கூடத்தில் ஒரே பாயில். பௌத்தத் துறவிகளுக்கான ஒழுங்கு விதிகளான விநயத்திலேயே வயதுக்கு ஒரு வேடிக்கையான அளவுகோல் உண்டாம், காக்கை விரட்டத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று. எவ்வளவு நடைமுறைக்கு ஒத்த அளவுகோல்! பிறந்த தேதியைப் பார்க்காமல், இந்தப் பிள்ளையால் என்ன முடியும் என்று பார்க்கிறார்கள்.

நமக்கும் இது புதிதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வயது பிரித்தா உட்கார வைத்தார்கள்? மணலில் ‘அ’ எழுதுகிறவனுக்குப் பக்கத்தில் எண்சுவடி ஒப்பிக்கிறவன் இருந்தான். சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லம் ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டுத் தம் இல்லத்திலும் பெரிய பையன்களைக்கொண்டு சின்னவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஊர் திரும்பி 1797இல் அதை அச்சிட்டு வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்குப் பெயரே ‘மதராஸ் முறை’. வெள்ளைக்காரன் கப்பலேற்றிக் கொண்டுபோனதை நாம் ஏன் கைவிட்டோம்?

ஆனால் இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று நான் கேட்கவில்லை. அது என் வீட்டில் ஏற்கெனவே நடக்கிறது. சட்டாம்பிள்ளைக்குப் பின்னால் பிரம்போடு ஒரு வாத்தியார் உட்கார்ந்திருந்தார், பொறுப்பு அவருடையது. என் மகளுக்குப் பின்னால் யாரும் இல்லை. அரை மணி நேரம் தம்பிக்கு எழுத்துக் காட்டுவது வேறு, ஏழு மணி நேரம் மூன்றரை வயதுக் குழந்தையின் உயிருக்குப் பொறுப்பாக இருப்பது வேறு. முதலாவதில் அவளும் படிப்பாள். இரண்டாவதற்குக் கூலி கொடுத்து, வளர்ந்த பெண்மணி ஒருவரைத்தான் வைக்க வேண்டும்.

நான் கேட்பது இதுதான். வகுப்பு முடிகிற 10 மணியோடு மண்டபத்தைப் பூட்டாமல், மாலை 4 மணி வரை திறந்து வையுங்கள். கூடப் பிறந்தவர்களைச் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று வயது நிறைந்து, தானாக ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லத் தெரிந்த பிள்ளையிலிருந்து. அதுவே நம் காக்கை அளவுகோலாக இருக்கட்டும். சின்னவர்களுக்கென்று இரண்டு பெண்களை மூன்று மாதச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள். நம்மிடையே வேலை தேடுகிற பெண்களுக்கா பஞ்சம்? தமிழ் சொல்லிக் கொடுக்கிறவர்கள் தலையில் மட்டும் தயவுசெய்து இதையும் கட்டாதீர்கள், அவர்கள் ஏற்கெனவே சம்பளமே இல்லாமலோ பெயருக்கு ஏதோ வாங்கிக்கொண்டோ உழைக்கிறார்கள். கட்டணம் நாங்கள் தருகிறோம். மூன்று பிள்ளைக்கு மூன்று மடங்காக இல்லாமல் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வைத்தால் தாங்கும்.

மதியச் சோறு பெரிய பிரச்சினை இல்லை, அன்னதானத்துக்கு உலை வைக்கிற கைகள்தானே? யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்று பெயர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இன்றைய காலத்தில் அது முக்கியம். தண்ணீர்த் திருவிழாவுக்கு எத்தனை நாள் மூடுவீர்கள் என்பதை முன்கூட்டியே ஒட்டிவிடுங்கள், நாங்கள் அதற்கேற்ப ஏதாவது செய்துகொள்வோம்.

ஒரு டிரஸ்டி ஐயாவிடம் இதைப் பேச்சுவாக்கில் சொன்னபோது இரண்டு தடை சொன்னார். ஒன்று, சின்னப் பிள்ளை மண்டபத்தில் அசுத்தம் பண்ணிவிட்டால்? நான் கேட்பது பந்தி போடுகிற கூடத்தை, கருவறைப் பக்கத்தை இல்லை. பந்திக்கூடத்தை நாம் கழுவாத நாளா? மற்றொன்று, ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? இந்தக் கேள்வி நியாயமானது, இதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஆனால் இப்போது அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள் ஐயா. நாலாம் மாடி பால்கனியில் கயிறு பிடித்து நிற்கிற பதின்மூன்று வயதுப் பிள்ளை.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 1960களில் தனியார் பள்ளிகளெல்லாம் அரசுடைமையானபோது நம் தமிழ்ப் பள்ளிக்கூடங்களும் போயின. பிறகு இந்த ஊரில் தமிழ் எழுத்து உயிரோடு இருந்தது கோயில் மண்டபங்களில்தான். என் அம்மா அங்கே படித்தார், நான் அங்கே படித்தேன். என் பெரியவள் படிக்க வேண்டிய எட்டு, ஒன்பது வயதில் கொரோனா வந்து எல்லாம் மூடிக்கிடந்தது. அதற்கடுத்த வருடங்களில் நிலைமை சரியில்லை, அனுப்பப் பயந்தோம். அப்புறம் கூட்டிக்கொண்டு வந்தால் வயது தாண்டிவிட்டது. அவள் வாய் நிறையத் தமிழ் பேசுவாள், தன் பெயரை எழுதத் தெரியாது. தம்பியின் பாடநூலைத் திருட்டுத்தனமாக எடுத்து வைத்துக்கொண்டு ‘ழ’ போட்டுப் பார்க்கிறாள்.

மாசி முடிவதற்குள் இந்தக் கோடை வகுப்புக்கு அறிவிப்பு ஒட்டுவீர்கள். பதிவுத் தாளில் ‘வயது’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘கூடப் பிறந்தவர்கள்’ என்று இன்னொரு கட்டம் போடுங்கள். சம்பளம், சாப்பாடு, கட்டணம் எல்லாவற்றுக்கும் கணக்கெழுத ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். மார்ச்சில் பகலில் முடியாது, ராத்திரி எட்டு மணிக்குமேல் எத்தனை நோட்டு வேண்டுமானாலும் கொடுங்கள்.

இப்படிக்கு,
மூன்று பிள்ளைகளின் தாய்,
யாங்கோன்.