பழுப்புப் பாசி: பரிசோதித்து விற்கட்டும்

ஆசிரியருக்கு,

ராயபுரம், மண்ணடிப் பக்கம் நோன்புக் காலத்தில் கடல்பாசி காய்ச்சும் வீடுகள் ஏராளம். அது சிவப்புப் பாசியிலிருந்து எடுப்பது. கடலில் வளரும் இன்னொரு வகையான பழுப்புப் பாசி நம் அடுப்படிக்கு இன்னும் வரவில்லை. ஆனால் மாத்திரையாகவும் பொடியாகவும் விற்பனைக்கு வந்துவிட்டது.

ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் பகுதியில் கட்டக்கோரை, பக்கோடா பாசி எனப்படும் இவ்வகைகளில் ஃபுகாய்டான், ஆல்ஜினேட் என்ற நார்ப்பொருள்கள், ஃபுகோசாந்தின் என்ற நிறமி போன்ற பயனுள்ள பொருள்கள் இருப்பது உண்மை. அழற்சியைக் குறைக்கும் தன்மை ஆய்வுக்கூடத்தில் தெரிகிறது. ஆனால் மனிதர்களிடம் நடந்த சோதனைகள் குறைவு. அதை மறைத்து, 'சர்க்கரை நோயைத் தீர்க்கும்' என்று விற்பது அநியாயம்.

இன்னொன்று, அயோடின். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். ஜப்பானியர் சூப்பில் போடும் கொம்பு என்ற பழுப்புப் பாசியில் ஒரு கிராமிலேயே இதைவிடப் பல மடங்கு இருக்கும். அயோடின் மிஞ்சினால் தைராய்டு சுரப்பி பாதிக்கப்படலாம் என்பதால், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

பாசி தான் வளரும் தண்ணீரிலுள்ள ஈயம், காட்மியம், ஆர்சனிக்கையும் உறிஞ்சிக்கொள்ளும். எண்ணூர் முகத்துவாரத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் கழிவு படிவதையும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவியதையும் கண்ட எங்களுக்கு இது சின்ன விஷயமல்ல. இங்கே ஒதுங்கும் பாசியை யாரும் உணவுக்கு எடுக்க வேண்டாம்.

எந்தக் கடலில் எடுத்தது, அயோடின் எவ்வளவு, கன உலோகப் பரிசோதனை முடிவு என்ன என்பதை உறையில் தமிழில் அச்சிட உணவுப் பாதுகாப்புத் துறை உத்தரவிட வேண்டும்.

- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை