மெயிலில் சிசி, பிசிசி: எல்லாரும் ஒருமுறை படித்துவிடுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நம் குடியிருப்பின் பராமரிப்புக் கணக்கை எல்லா வீட்டுக்கும் மெயிலில் அனுப்பும்போது முகவரிகளை 'டு' (To, பெறுநர்) பெட்டியிலோ 'சிசி' (Cc, நகல்) பெட்டியிலோ போடாதீர்கள். எல்லாருடைய முகவரியும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பலர் அதை விரும்புவதில்லை. 'பிசிசி'யில் (Bcc, மறைநகல்) போடுங்கள்; அதில் போட்ட முகவரிகள் மற்றவர்களுக்குத் தெரியாது. 'டு'வில் சங்கத்தின் முகவரி மட்டும் போதும். போனில் ஜிமெயில் என்றால், 'டு' வரிசையின் ஓரத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தொட்டால் இரண்டு பெட்டிகளும் திறக்கும்.

லிப்ட் கம்பெனிக்குப் புகார் எழுதும்போது மட்டும் செயலாளரையும் பொருளாளரையும் 'சிசி'யில் சேருங்கள். அவர்களும் பார்க்கிறார்கள் என்று கம்பெனிக்குத் தெரிவது நல்லதுதான்.

அப்புறம், பிசிசியில் வந்த மெயிலுக்கு 'ரிப்ளை ஆல்' (எல்லாருக்கும் பதில்) கொடுத்தாலும் மற்ற வீடுகளுக்குப் போகாது; அனுப்பியவருக்கும் டு, சிசியில் இருப்பவர்களுக்கும்தான் போகும். எல்லாரும் பார்க்க வேண்டிய கேள்வியை இந்தக் குழுவிலேயே கேளுங்கள்.