தார் தள்ளிய மரம் புது இலை விடாது

கொள்ளிடப் படுகையில் வாழை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

அடைமழை ஓய்ந்து பனி இறங்கிவிட்டது. பொங்கலுக்கு வெட்ட வேண்டிய பூவன் தார்கள் திரண்டு வருகின்றன. கூடவே இலைப்புள்ளி நோயும் ஏறுகிறது. கேட்டால், "இன்னும் ஒரு மாசத்துல வெட்டப் போறோம், இனிமே என்ன?" என்கிறோம். போன வருஷம் வரை நானும் அப்படித்தான் சொன்னேன்.

போன மார்கழியில் என் கொல்லையில் இலைகள் கருகித் தொங்கின. நான் கை வைக்கவில்லை. வெட்டும்போது பார்த்தால் காய் திரளவில்லை, அதன் விளிம்புக்கோடு மறையவே இல்லை. அதற்குள் சில சீப்புகள் மரத்திலேயே பழுத்திருந்தன. வியாபாரி பாதி விலைதான் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

தார் தள்ளிய மரம் அதன்பின் ஓர் இலைகூட விடாது. அன்றைக்கு நிற்கும் இலைகள்தான் அடுத்த மூன்று மாதமும் காயைத் திரட்ட வேண்டும். பூ வரும்போது எட்டு இலையாவது பச்சையாக இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

என் கொல்லையோடு போகிற நோயும் இல்லை இது. பனியும் மழைத்துளியும் பூஞ்சையை இலைக்கு இலை இறக்கும். காற்று அதை உங்கள் இளங்கன்றுக்குக் கொண்டுவரும். அதனால் கேட்கிறேன்: புள்ளி விழுந்த பகுதியை மட்டும் அறுத்தெடுங்கள், பாதிக்கு மேல் காய்ந்த இலையை முழுசாகக் கழியுங்கள், வெளியே கொண்டுபோய் எரியுங்கள். வெட்டு நெருங்கிய கொல்லையில் மருந்து வேண்டாம். இளவாழைக்கு பூஞ்சைக்கொல்லி மருந்து போதும்: கார்பன்டசிம் லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், அடுத்த முறை புரோபிகோனசோல் 1 மில்லி என்று மாற்றி மாற்றி, மருந்து இலையில் ஒட்டி நிற்க ஒட்டு திரவம் சேர்த்து, இலையின் அடிப்பக்கமும் நனைய அடியுங்கள். தார் வெட்டிய பிறகு தாய்மரத்தைக் கன்றுக்காக விட்டுவைக்கிறீர்களா, சரி. அதன் இலையை விட்டுவைக்காதீர்கள்.

ரஸ்தாளிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. தண்டைப் பிளந்து செம்பழுப்புக் கோடு தெரிந்தால் அது வாடல் நோய். அந்தக் கொல்லையில் கன்று எடுக்காதீர்கள், சொந்தக்காரருக்கும் கொடுக்காதீர்கள். அந்தப் பூஞ்சை மண்ணில் பல வருஷம் கிடக்கும். சந்தேகமாக இருந்தால் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் படம் காட்டிக் கேளுங்கள்.

வரும் ஞாயிறு காலை, பனி உலர்ந்ததும் என் கொல்லையில் இலை கழிக்கிறோம். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் அரிவாளோடு வாருங்கள். அப்புறம் வரிசையாக உங்கள் கொல்லைகளுக்கு நாங்கள் வருகிறோம்.